ரோஸ்டரைப் படிப்பது முதல் வேலைநிறுத்த நோட்டீஸ் வரை: புதிய விமானிக்கு ஒரு வழிகாட்டி

டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ஒரு வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சி) முடித்து, இந்திய விமான நிறுவனம் ஒன்றில் லைன் ட்ரெய்னிங்குக்கு (பயணிகள் விமானத்தில் பறந்தபடியே பெறும் பயிற்சி) வந்திருக்கும் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கானது, அதாவது துணை விமானிக்கானது, இந்தக் கட்டுரை. விமானத்தை ஓட்டுவதற்குக் கற்றுக்கொடுக்க ஆளுக்குக் குறைவில்லை. ரோஸ்டரில் (பணிப்பட்டியலில்) உள்ள எண்களை எப்படிக் கூட்டிப் பார்ப்பது, களைத்துப்போனால் யாரிடம் என்ன சொல்வது, "நாளைக்கு எல்லாரும் சிக் போடுறோம்" (உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுக்கிறோம்) என்று வாட்ஸ்அப்பில் வந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை.

முதலிலேயே ஒரு விஷயம். இந்தியாவில் விமானிக்கு வேலைநிறுத்த உரிமை உண்டு. ஆனால் சட்டம் அதற்கு விட்டிருக்கும் சந்து மிகக் குறுகல். ஓய்வுநேர விதியும், அதை நீங்கள் எழுதிவைக்கும் பழக்கமும்தான் அன்றாடத்தில் உங்களுக்குக் கைகொடுக்கும். 2025 டிசம்பர் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது, 5-ஆம் தேதி ஒரே நாளில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். யாரும் வேலைநிறுத்தம் அறிவித்திருக்கவில்லை. நவம்பர் 1 முதல் இரவுப் பணி விதிகள் முழுதாக நடைமுறைக்கு வந்திருந்தன, அதற்குத் தக்க விமானிகள் கையில் இல்லை, அவ்வளவுதான். 2012-இல் ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் நடத்திய வேலைநிறுத்தத்தால்கூட ஒரே நாளில் இத்தனை விமானங்கள் நின்றதில்லை.

முதல் படி: நான்கு கடிகாரங்களைப் பிரித்துப் பாருங்கள்

புதியவர்கள் எல்லா நேரத்தையும் "டியூட்டி" என்றே சொல்லிப் பழகுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் எஃப்டிடிஎல் விதி (பறக்கும் நேரம், பணிநேரம் ஆகியவற்றுக்கான வரம்பு) நான்கு நேரங்களைத் தனித்தனியாக எண்ணுகிறது.

ஃப்ளைட் டைம்: விமானம் பறப்பதற்காக முதன்முதலில் அசைந்ததிலிருந்து கடைசியாக நிற்கும்வரை. பிளாக் டைம் என்று நீங்கள் சொல்வது இதைத்தான். வரம்பு வாரத்துக்கு 35 மணி, 30 நாளுக்கு 125 மணி, ஆண்டுக்கு 1000 மணி. இதில் 125 மணி வரம்பு 1937-ஆம் ஆண்டு விமான விதிகளிலேயே, 42ஏ விதியில், இருக்கிறது.

ஃப்ளைட் டியூட்டி பீரியட்: ரிப்போர்ட்டிங் நேரத்திலிருந்து கடைசி செக்டரில் (ஒரு புறப்பாடு முதல் ஒரு தரையிறக்கம் வரை ஒரு செக்டர்) என்ஜின் அணையும்வரை. தாமதத்தால் டெர்மினலில் காத்துக்கிடந்த மூன்று மணி நேரமும் இதில் சேரும். செக்டர் எண்ணிக்கை கூடக்கூட இதன் உச்சவரம்பு இறங்கும்.

டியூட்டி: மேலே சொன்னதோடு பறந்த பிறகான வேலைகள், சிமுலேட்டர், வகுப்பு, நிறுவனம் சொல்லிப் பயணியாக உட்கார்ந்துபோகும் டெட்ஹெட் எல்லாம் சேர்ந்தது.

ஓய்வு: முந்தைய டியூட்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு, அல்லது 12 மணி, இரண்டில் எது அதிகமோ அது. மூன்று நேர மண்டலங்களைத் தாண்டினால் 14 மணி, ஏழைத் தாண்டினால் 36 மணி.

இங்கே பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. விமான நிலையத்துக்குப் போய்வரும் வண்டிப் பயணம் டியூட்டியிலும் சேராது, ஓய்விலும் சேராது. டியூட்டி காலை 6:20-க்கு முடிந்து, 7:20-க்கு ஹோட்டல் அறைக்குள் நுழைகிறீர்கள் என்றால் 12 மணி ஓய்வு 7:20-இலிருந்துதான். மாலை 7:20-க்குத்தான் அது முடியும். அதற்குப் பிறகே பிக்அப், பிறகே ரிப்போர்ட்டிங். ஷெட்யூலிங் மென்பொருள் வண்டிப் பயணத்துக்கு அரை மணி என்று ஒரு சராசரியைப் போட்டிருக்கும். மும்பையில் மழைநாளில் அது இரண்டு மணியாகும். அந்த வித்தியாசத்தைச் சொல்லவேண்டியது நீங்கள்தான், மென்பொருளுக்குத் தெரியாது.

இரண்டாம் படி: ரோஸ்டர் வந்த அன்றே இரவுகளைக் குறியுங்கள்

மாத ரோஸ்டர் வந்ததும் லேஓவர் (வெளியூர்த் தங்கல்) எங்கே, தீபாவளிக்கு லீவு இருக்கிறதா என்று பார்ப்பது இயல்பு. அதற்கு முன் ஒரு வண்ணப்பேனாவை எடுத்து, நள்ளிரவு 12 முதல் காலை 6 வரையிலான நேரத்தைத் தொடும் டியூட்டிகளையெல்லாம் வட்டமிடுங்கள்.

பழைய விதியில் இரவு என்பது 12 முதல் 5 மணி வரை. 2024 ஜனவரியில் வெளியான திருத்தம் அதைக் காலை 6 வரை நீட்டியது. ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் நம் நாட்டில் காலை 6 மணியையொட்டித்தான் விமானங்கள் கூட்டமாகக் கிளம்புகின்றன. காலை 6:10-க்குப் புறப்பாடு, 5:10-க்கு ரிப்போர்ட்டிங் என்று வையுங்கள். பழைய கணக்கில் இது பகல் டியூட்டி. புதிய கணக்கில் 5:10 முதல் 6 வரை உள்ள ஐம்பது நிமிடம் இரவைத் தொடுகிறது. தொட்டதும் இரவுப் பணிக்கான வரம்புகள் வந்துவிடும்: ஃப்ளைட் டைம் 8 மணி, ஃப்ளைட் டியூட்டி பீரியட் 10 மணி, தரையிறக்கம் இரண்டு. முன்பு ஆறு வரை இருந்த தரையிறக்கம் இரண்டாகிவிட்டது. நிறுவனங்கள் ஏன் இந்தத் திருத்தத்தை இவ்வளவு எதிர்த்தன என்பதற்கு இந்த ஐம்பது நிமிடமே விளக்கம். விமானியின் பக்கத்திலிருந்து பார்த்தால் 5:10 ரிப்போர்ட்டிங் என்பது 3 மணிக்கு அலாரம். முந்தின நாள் இரவு 8 மணிக்குப் படுத்துத் தூங்குகிற உடம்பு யாருக்கும் இல்லை.

ஒரு முழு இரவைக் கூட்டிப் பார்ப்போம். சென்னையில் ரிப்போர்ட்டிங் 22:15. புறப்பாடு 23:15, டெல்லி 02:10. அங்கிருந்து 02:55, சென்னை 05:50. ஃப்ளைட் டைம் 5 மணி 50 நிமிடம். டியூட்டி பீரியட் 7 மணி 35 நிமிடம். தரையிறக்கம் இரண்டு. மூன்றுமே வரம்புக்குள். இப்போது ஷெட்யூலிங்கிலிருந்து கூப்பிட்டு, "கோயம்புத்தூர் ஒண்ணு போயிட்டு வந்துடுங்க, இன்னும் டைம் இருக்கே" என்கிறார்கள். டியூட்டி பீரியடில் 2 மணி 25 நிமிடம் மிச்சம் இருப்பது உண்மைதான். ஆனால் மூன்றாவது தரையிறக்கம் வரம்பைத் தாண்டிவிடும். நேரத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிட்டால் மாட்டிக்கொள்வது உங்கள் உரிமம்.

அடுத்தது வார ஓய்வு. தொடர்ந்து 48 மணி, அதற்குள் இரண்டு உள்ளூர் இரவுகள். ஒரு வார ஓய்வு முடிந்து அடுத்தது தொடங்க 168 மணிக்கு மேல் ஆகக்கூடாது. முன்பு இது 36 மணியாக இருந்தது. இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, 48-ஐ மட்டும் எண்ணிவிட்டு இரவுகளை எண்ணாமல் விடுவது. டியூட்டி சனிக்கிழமை அதிகாலை 3 மணிக்கு முடிந்தால், 48 மணி திங்கள் அதிகாலை 3-க்கு நிறைவாகும். ஆனால் வெள்ளி இரவு பாதி போய்விட்டது, ஞாயிறு இரவு பாதியில் அறுகிறது. முழுதாகக் கிடைத்த இரவு சனி இரவு ஒன்றுதான். திங்கள் காலைவரை ஓய்வு நீளவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. விதி ஒன்று, உங்கள் நிறுவனத்துக்கு இன்றைய தேதியில் பொருந்துவது இன்னொன்று என்றும் இருக்கலாம். 2025 டிசம்பர் நெருக்கடியில் இண்டிகோவுக்கு இரவு வரையறையிலும் தரையிறக்க எண்ணிக்கையிலும் 2026 பிப்ரவரி 10 வரை டிஜிசிஏ விலக்கு கொடுத்தது. விடுப்பை வார ஓய்வாகக் கணக்குக் காட்டக்கூடாது என்ற உத்தரவையும் டிசம்பர் 5-ஆம் தேதி திரும்பப் பெற்றது. ஆகவே ஆபரேஷன்ஸ் மேனுவல் ஏ பகுதியில் உள்ள எஃப்டிடிஎல் அத்தியாயத்தின் நடப்புத் திருத்தத்தை இறக்கி, திருத்த எண்ணையும் தேதியையும் குறித்துவையுங்கள். போன வருடம் பேட்ச்மேட் அனுப்பிய பிடிஎஃப் உதவாது.

மூன்றாம் படி: சொந்தக் கணக்கு வையுங்கள்

நிறுவனத்தின் ஆப்பில் எல்லாம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் வேலையை விட்டதும் அல்லது இடைநீக்கம் ஆனதும் முதலில் மூடப்படுவது அந்த லாகின்தான். வெளியான ரோஸ்டர், அதன் ஒவ்வொரு மாற்றம், உண்மையில் நடந்தது ஆகிய மூன்றும் தனித்தனியாக வேண்டும்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகமோ எக்செல் தாளோ போதும். தேதி, பிக்அப் வந்த நேரம், ரிப்போர்ட்டிங், முதல் அசைவு, கடைசி என்ஜின் நிறுத்தம், அறைக்குள் நுழைந்த நேரம், தூங்கிய மணி, தரையிறக்கம் எத்தனை, யார் அழைத்து என்ன மாற்றச் சொன்னார் என்று ஒன்பது கட்டம். தொலைபேசியில் மாற்றம் சொன்னால், வைத்தவுடன் ஒரு வரி மின்னஞ்சல் போடுங்கள்: "14:20-க்கு நாம் பேசியபடி, நாளைய ரிப்போர்ட்டிங் 04:30-ஆக மாற்றப்பட்டதைப் புரிந்துகொண்டேன்." சண்டைக்காக இல்லை. ஆறு மாதம் கழித்து யாரோ கேட்கும்போது உங்கள் நினைவும் அவர்கள் நினைவும் மோதாமல் இருப்பதற்காக.

ஸ்டாண்ட்பையில் (அழைத்தால் போகத் தயாராகக் காத்திருப்பது) வீட்டில் எத்தனை மணி இருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வீட்டு ஸ்டாண்ட்பை எவ்வளவு டியூட்டியாகச் சேரும் என்பது மேனுவலில் இருக்கும். அதைக் கூட்டாமல் விட்டு, மாலை ஸ்டாண்ட்பையிலிருந்து இரவு டியூட்டிக்கு இழுப்பது சகஜம். பறப்பதற்கு முன்னால் வரும் டெட்ஹெட்டும் அப்படித்தான். செக்டராக எண்ணப்படாது, ஆனால் டியூட்டி பீரியட் அதன் ரிப்போர்ட்டிங்கிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும்.

நான்காம் படி: எக்ஸ்டென்ஷன் கேட்கும்போது

டெல்லியில் பனிமூட்டம், விமானம் ஜெய்ப்பூருக்குத் திருப்பி விடப்பட்டது, டியூட்டி பீரியட் தீரப்போகிறது. எதிர்பாராத சூழலில் விதி சொல்லும் அளவுக்கு அதை நீட்டிக்கொள்ளலாம். நீட்டுவது கேப்டனின் முடிவு; ஆனால் மற்ற விமானப் பணியாளர்களைக் கலந்துகொண்டுதான் நீட்டவேண்டும். அந்த "கலந்துகொண்டு" என்பதுதான் உங்கள் இடம்.

முதல் ஆண்டில் வாய் திறக்கக் கூச்சமாக இருக்கும். பக்கத்தில் இருப்பவர் பதினைந்தாயிரம் மணி பறந்தவர். நீளமாக விளக்காதீர்கள். "சார், நான் மூணு மணிக்கு எழுந்தேன், இன்னொரு செக்டருக்கு ஃபிட்டா இல்லை" என்ற ஒரே வாக்கியம் போதும். பெரும்பாலான கேப்டன்களுக்கு இது நிம்மதிதான். அவர்களும் அதையே சொல்ல வழி தேடிக்கொண்டிருப்பார்கள். எக்ஸ்டென்ஷன் எடுத்தால் அறிக்கை போகிறதா, அடுத்த ஓய்வு அதற்குத் தக்கபடி கூட்டப்பட்டதா என்று மறக்காமல் பாருங்கள். அந்தக் கூடுதல் ஓய்வு ரோஸ்டரில் தானாக வந்து உட்காராது.

அதேபோல் காலை பனிமூட்டம் வழக்கமாக வரும் டிசம்பரில், நாளும் தாமதமாகும் ஒரு விமானத்துக்குத் தினமும் எக்ஸ்டென்ஷன் கேட்பது "எதிர்பாராத" சூழல் ஆகாது. திட்டமே தவறு. அதை அறிக்கையில் எழுதலாம்.

ஐந்தாம் படி: களைப்பைச் சொல்வது, பிறகு எழுதுவது

இந்தியாவில் இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 2010 மே 22, துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் காலை ஆறு மணியளவில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். கேப்டன் பயணத்தில் ஒரு மணி நாற்பது நிமிடம்போலத் தூங்கியிருந்தார், காக்பிட் ஒலிப்பதிவில் குறட்டைச் சத்தம் இருந்தது என்று விசாரணை கண்டறிந்தது. எழுந்த உடனே மூளை முழுதாக விழிப்பதில்லை. அதோடு அது அதிகாலை 2 முதல் 6 வரை உடம்பு அடியாழத்துக்கு இறங்கியிருக்கும் நேரத்தின் விளிம்பு.

களைப்பு பறப்பதைப் பாதிக்கும் அளவில் இருந்தால் பறக்கக்கூடாது என்பது விமானியின் மீதே சுமத்தப்பட்ட கடமை. ஷெட்யூலிங்கை அழைத்து "ஃபெடீக், ஃபிட் இல்லை" என்று அந்தச் சொல்லாலேயே சொல்லுங்கள். ரோஸ்டரால் வந்த களைப்பைக் "கொஞ்சம் ஜுரம்" என்று சொல்லி சிக் லீவில் போடுவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. அது உங்கள் லீவைத் தின்னும்; ரோஸ்டரின் பிழை பதிவே ஆகாமல் போகும்; அடுத்த மாதமும் அதே பேரிங் (ஒரே தொகுப்பாகக் கொடுக்கப்படும் தொடர் விமானங்கள்) வரும். உண்மையில் ஜுரம் என்றால் சிக், தூக்கமின்மை என்றால் ஃபெடீக்.

அறிக்கையை அன்றே எழுதுங்கள். நிறுவனங்கள் ஃபெடீக் அறிக்கைகளை ஆராய்ந்து, எடுத்த நடவடிக்கையோடு காலாண்டுக்கு ஒருமுறை டிஜிசிஏவுக்குத் தரவேண்டும்; அறிக்கை தந்தவரைத் தண்டிக்கக்கூடாது, பெயரைக் காக்கவேண்டும் என்றும் 2024-இல் விதி வந்துவிட்டது. நடைமுறையில் சில இடங்களில் "ஏன் இப்படி எழுதினீங்க" என்று அழைப்பு வரும். வந்தால் அந்த அழைப்பின் நேரத்தையும் நோட்டில் ஏற்றுங்கள்.

எப்படி எழுதுவது என்பதற்கு இரண்டு மாதிரி. "ரோஸ்டர் மிக மோசம், தொடர்ந்து இரவு டியூட்டி, மிகுந்த சோர்வு" என்று எழுதினால் ஆய்வாளரால் ஒன்றும் செய்யமுடியாது. கருத்து என்று ஒதுக்கப்படும். கீழே உள்ளது மாதிரி எழுதினால் ஒதுக்கமுடியாது:

"ரிப்போர்ட்டிங் 05:10. எழுந்தது 02:50. கடந்த 48 மணியில் தூங்கியது மொத்தம் 9 மணி. முந்தின டியூட்டி மாலை 16:40-க்கு முடிந்தது, அறைக்குப் போனது 18:05. இரண்டாவது செக்டரில் இறங்கும்போது அலைவரிசை மாற்றச் சொன்னதை இருமுறை தவறவிட்டேன். சாம்ன்-பெரெல்லி அளவில் 6. காரணம்: மாலையில் முடியும் டியூட்டியை அடுத்து அதிகாலை டியூட்டி, இடையில் 12 மணி ஓய்வும் கிடைக்கவில்லை."

சாம்ன்-பெரெல்லி என்பது 1 முதல் 7 வரையிலான சோர்வு அளவு. 7 என்றால் முற்றிலும் களைத்து இயங்கமுடியாத நிலை. எண்ணாக எழுதும்போது பத்துப் பேரின் அறிக்கையை அடுக்கி ஒரே பேரிங்கில் பிழை இருப்பதைக் காட்டமுடியும்.

ஆறாம் படி: ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை அடிக்கோடிடுங்கள்

ஒன்று, உறுதி நேரம். சம்பளத்தில் பெரும்பகுதி பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று வரும். எத்தனை மணிக்குக் குறைந்தபட்சம் பணம் உறுதி என்பதுதான் கேள்வி. 2023-இல் ஏர் இந்தியாவின் புதிய ஊதியத் திட்டத்தில் இது 70-இலிருந்து 40 மணியானது. ஏர் இந்தியாவோடு இணைவதையொட்டி விஸ்தாரா விமானிகளுக்கும் 40 மணி ஒப்பந்தம் வந்து, 2024 ஏப்ரலில் விமானங்கள் ரத்தாகி, அந்த நிறுவனம் தினமும் 25 முதல் 30 விமானங்களைக் குறைக்கவேண்டி வந்தது. உறுதி நேரம் குறைந்தால், களைப்பைச் சொல்லி ஒரு பேரிங்கை விடும் ஒவ்வொரு முறையும் பையிலிருந்து பணம் போகும். சம்பளப் பிரச்சினைபோலத் தெரிவது பாதுகாப்புப் பிரச்சினையாக மாறுவது இந்த வரியில்தான்.

இரண்டு, பாண்ட்: இத்தனை ஆண்டுக்குள் வேலையை விட்டால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்ற உறுதிமொழி. எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை, ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா, நிறுவனமே வேலையைவிட்டு நீக்கினாலும் கட்டவேண்டுமா? கடைசிக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும்.

மூன்று, நோட்டீஸ் காலம். 2017 முதல் டிஜிசிஏ விதிப்படி கேப்டனுக்கு ஓராண்டு, ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாதம். நிறுவனம் தடையில்லாச் சான்று கொடுத்தால் முன்பே போகலாம். நோட்டீஸ் காலத்தில் கொடுத்த டியூட்டியை நீங்கள் மறுக்கக்கூடாது. அவர்களும் உங்கள் சம்பளத்தையோ சலுகைகளையோ குறைக்கக்கூடாது, குறைத்தால் முன்கூட்டியே விடுவிக்கக் கோரலாம். அதே விதியில், கடைசி நேரத்தில் விமானங்கள் ரத்தாகும்படி விமானிகள் செய்யும் செயல் பொதுநலனுக்கு எதிரானதாகக் கருதப்படும் என்றும் இருக்கிறது. அந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏழாம் படி: சங்கம்

ஏர்லைன் பைலட்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா, ஃபெடரேஷன் ஆஃப் இந்தியன் பைலட்ஸ் ஆகியவை நாடு தழுவியவை. பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பக்கம் ஐசிபிஏ (இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன்), பழைய ஏர் இந்தியா பக்கம் பைலட்ஸ் கில்டு என்று நீண்ட வரலாறு உள்ளவையும் உண்டு. சேருமுன் கேட்கவேண்டியது, உங்கள் நிறுவனத்தில் அது பேச்சுவார்த்தைச் சங்கமா என்பது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின்படி, 51 விழுக்காடு தொழிலாளர்களின் ஆதரவுள்ள சங்கமே தனிப் பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி ஒன்று இல்லாவிட்டால் 20 விழுக்காடு உள்ள சங்கங்கள் சேர்ந்து குழு அமைக்கும். தனியார் நிறுவனங்களில் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையே சேராது. ஆகவே முதல் வேலை உறுப்பினர் சேர்ப்பு, கோரிக்கைப் பட்டியல் அப்புறம்.

சங்கத்தில் சேர்ந்ததற்காக மிரட்டுவது அதே சட்டத்தொகுப்பின் கீழ் முறையற்ற தொழிலாளர் நடைமுறை. ஆனால் விமானி "தொழிலாளர்" வரையறைக்குள் வருவாரா என்று நிறுவனங்கள் கேள்வி கிளப்புவது பழைய வழக்கம். கேப்டன் மேற்பார்வையாளர்தானே என்பார்கள். விமானிகள் தொழிலாளர்களே என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் உங்கள் பணி விவரத்தில் நிர்வாகப் பொறுப்பு ஏதும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எட்டாம் படி: வேலைநிறுத்தத்தின் நாள்காட்டி

"60 நாள் நோட்டீஸ் கொடுக்கவேண்டும்" என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். சட்டத்தின் வாசகம் வேறு. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் வரை நிறுத்தக்கூடாது. நிறுத்தம் அந்த நோட்டீஸிலிருந்து 60 நாளுக்குள் இருக்கவேண்டும். அதாவது 14 என்பது காத்திருப்பு, 60 என்பது நோட்டீஸின் ஆயுள்.

மார்ச் 1-ஆம் தேதி நோட்டீஸ் என்று வையுங்கள். மார்ச் 15 வரை கூடாது. ஏப்ரல் 30 தாண்டினால் நோட்டீஸ் காலாவதி. இடையில் மார்ச் 10 அன்று தலைமைத் தொழிலாளர் ஆணையர் தரப்பில் சமரச அதிகாரி முதல் கூட்டத்தைக் கூட்டுகிறார் (விமானப் போக்குவரத்துக்கு மத்திய அரசே பொறுப்பு). அன்றிலிருந்து சமரசம் நடப்பதாகக் கணக்கு. நோட்டீஸ் வந்த தகராறில் அவர் 14 நாளில் அறிக்கை தரவேண்டும், ஆக மார்ச் 24. அதன்பிறகும் ஏழு நாள் கூடாது, மார்ச் 31. மிச்சம் ஏப்ரல் மாதம். சமரசம் தோற்றதும் நிர்வாகம் தீர்ப்பாயத்தில் மனு போட்டுவிட்டால் அந்த ஏப்ரலும் போயிற்று: வழக்கு நடக்கும்வரையும், முடிந்து 60 நாள்வரையும் தடை. நான் சந்து என்று சொன்னது இதைத்தான். கனடாவில் 72 மணி நோட்டீஸ் போதும்; 2023-இல் வெஸ்ட்ஜெட் விமானிகளோடு உடன்பாட்டுக்கு வந்தது அந்தக் கடைசி மணிநேரங்களில்தான். அந்த நாட்டுச் செய்தியைப் பார்த்து இங்கே கணக்குப் போடாதீர்கள்.

அப்படியானால் நோட்டீஸ் எதற்கு? சமரச மேசைக்கு நிர்வாகத்தை வரவைக்க. நடவடிக்கை நடக்கும் காலத்தில் தகராறில் உள்ள பணி நிபந்தனைகளை நிர்வாகம் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்றக்கூடாது. 70 மணியை 40 ஆக்க நினைக்கும் நிறுவனத்துக்கு இது பெரிய முட்டுக்கட்டை. நோட்டீஸின் பயன் நிறுத்தத்தைவிட இதில்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

ஒன்பதாம் படி: "எல்லாரும் சிக்" என்ற செய்தி வந்தால்

சேராதீர்கள். அறிவுரைக்காகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். புதிய சட்டத்தொகுப்பில், ஒரே நாளில் 50 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுப்பதும் வேலைநிறுத்தம் என்றே எழுதப்பட்டுவிட்டது. பொது உடன்பாட்டோடு வேலையை மறுப்பது எப்போதுமே அந்த வரையறைக்குள் இருந்தது. நோட்டீஸ் இல்லாததால் சட்டவிரோதம். கலந்துகொண்டவருக்கு ஆயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஒரு மாதம்வரை சிறை அல்லது இரண்டும். தூண்டியவருக்குப் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம். பத்துப் பேர் கூடி நோட்டீஸின்றி வராமல் இருந்தால் எட்டு நாள் ஊதியம்வரை பிடிக்க இடமுண்டு. இதெல்லாம் சில்லறை. பணிநீக்கம், பாண்ட் தொகை, பொதுநலனுக்கு எதிரான செயல் என்ற டிஜிசிஏ வாக்கியம், இவைதான் முதல் ஆண்டு விமானியை முறிப்பவை.

நடந்தவற்றைப் பாருங்கள். 2009 செப்டம்பரில் சங்கம் அமைத்த இரு விமானிகளை நீக்கியதற்காக ஜெட் ஏர்வேஸ் விமானிகள் கூட்டாக சிக் போட்டார்கள். மும்பை உயர் நீதிமன்றம் தடை விதித்தது, ஐந்து நாளில் முடிந்தது. 2012-இல் ஏர் இந்தியாவில் போயிங் 787 பயிற்சி யாருக்கு என்ற தகராறு சிக் லீவாகத் தொடங்கி, ஓரிரு நாளில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சட்டவிரோதம் என்றாகி, சுமார் நூறு பேர் நீக்கப்பட்டு, ஜூலை 3 அன்று நீதிமன்றத்தில் உறுதி கொடுத்து வேலைக்குத் திரும்புவதில் முடிந்தது. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் ஊழியர்கள் கூட்டாக சிக் போட்டபோது 25 பேர் நீக்கப்பட்டார்கள். தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன் பேச்சு நடந்து மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். அந்த அலுவலகத்தில் அவர்களுடைய தகராறு குறித்த கோப்பு முன்பே இருந்தது.

குழுவில் அந்தச் செய்தி வந்தால் கட்டைவிரல்கூடப் போடவேண்டாம். பிற்பாடு ஸ்கிரீன்ஷாட்டில் அது "ஒப்புதல்" என்று வாசிக்கப்படும். அதே நாளில் நிஜமாகவே உடம்புக்கு முடியவில்லை என்றால், வீட்டிலிருந்து ஆப்பில் மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிடாமல், மருத்துவரிடம் நேரில் போய், நேரம் போட்ட சீட்டு வாங்கிவிடுங்கள். நிஜமாகவே ஃபெடீக் என்றால் ஐந்தாம் படியில் சொன்ன எண்களோடு அறிக்கை போடுங்கள். முந்தைய மாதங்களிலும் அப்படிப் போட்டு வந்திருந்தால்தான் அது நம்பப்படும்.

ஆஃப் நாளில் கூடுதலாகப் பறக்க அழைத்தால் மறுப்பதும் எக்ஸ்டென்ஷனுக்கு மறுப்பதும் உங்கள் தனி முடிவாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. "இந்த வாரம் யாரும் எக்ஸ்டென்ஷன் எடுக்காதீங்க" என்று குழுவில் எழுதிவிட்டு மறுத்தால் அதே மறுப்பு வேறு பெயர் பெறும்.

பத்தாம் படி: முறைப்படி நோட்டீஸ் வந்துவிட்டால்

சங்கம் முறையாக நோட்டீஸ் கொடுத்த அன்று, அதன் நகலையும் ஒப்புகை முத்திரையையும் கேட்டு வாங்குங்கள். சமரசக் கூட்டத் தேதிகளைச் சங்கத்திடமிருந்து எழுத்தில் பெறுங்கள். வாய்வழியாக "எல்லாம் முடிஞ்சிடுச்சு" என்றால் ஏழு நாள் எப்போது தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியாது. பாதுகாக்கப்பட்ட தொழிலாளர் (தகராறு நடக்கும்போது அனுமதியின்றி நீக்கமுடியாதவர்) பட்டியலில் சங்கப் பொறுப்பாளர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். புரொபேஷனில் உள்ள நீங்கள் அதில் இருக்கமாட்டீர்கள், ஆகவே முன்வரிசையில் மைக் பிடிக்கும் வேலையை அவர்களிடமே விடுங்கள்.

அதுவரை ரோஸ்டரில் உள்ளதை விதிப்படி பறந்துகொண்டே இருங்கள், நோட்டையும் நிரப்பிக்கொண்டே இருங்கள். சமரச அதிகாரி கேட்கப்போவது ஆறு மாத ரோஸ்டர், அதில் மாறியவை, ஃபெடீக் அறிக்கைகளின் எண்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நிறுவனம் அச்சிட்டுக் கொண்டுவந்த ஒரு கட்டு இருக்கும். இந்தப் பக்கம் உங்கள் ஒன்பது கட்டத் தாள் இருக்கட்டும்.